சுவருக்கு அந்தப் பக்கம் இறுதியாட்டம்

முட்டிக்கு மேல் வைத்திருந்த ஐஸ் உருகி, துண்டை நனைத்து, ரெக்சின் மெத்தை வழியாக ஊர்ந்து இடுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தபோதுதான் டெல்ஃபினுக்குத் தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது மறுபடியும் நினைவுக்கு வந்தது. ராஜபாளையத்துக்கு வெளியே, மலையைப் பார்த்தாற்போல் கட்டிய ஒரு கல்லூரியின் நோயாளி அறை. இரண்டு கட்டில், ஒரு மேஜை, சத்தமே இல்லாமல் சுற்றும் மின்விசிறி. அறைக்கும் உள்விளையாட்டரங்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மண்டலக் கல்லூரிகளின் மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அவள் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. நாலு மாதம் ஊர் ஊராகப் போய் லீக் ஆடி, முதல் எட்டு அணிக்குள் வந்து, இங்கே வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் படுத்து எழுந்து, நேற்று அரையிறுதியைத் தாண்டி, கடைசியில் இன்று இரண்டாம் குவார்ட்டரில் போர்டில் பட்டுத் திரும்பிய ஒரு பந்துக்காகக் குதித்ததோடு அவளுக்கு முடிந்துபோயிற்று. முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வார்த்தை பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பயிற்சியாளர் மரியதாஸ் சார் குனிந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது சுளுக்குதான் சார் என்றாள். கடைசி குவார்ட்டருக்கு வந்துருவியா என்றார். வந்துருவேன் சார். எவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வந்துவிட்டது அந்தப் பதில். சத்தத்தைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அத்தனை கூச்சலில், காலித் தண்ணீர் கேன்களைத் தலைகீழாகக் கவிழ்த்து மாணவர்கள் அடித்த அடியில், எப்படிக் கேட்கும். கீழே வந்து கால் ஊன்றிய நொடியில் உள்ளுக்குள்ளிருந்து வந்த சத்தம் அது. காதால் கேட்டதா எலும்பால் கேட்டதா என்றுகூட அவளால் சொல்ல முடியாது. முற்றிய முருங்கைக்காயை இரண்டாக ஒடிக்கிற மாதிரி. இல்லை, அப்படியில்லை, அவ்வளவு பெரிய சத்தமில்லை, ஒருவேளை ஷூவாக இருக்கலாம், ஷூ அடி தரையில் இழுபட்ட சத்தமாக இருக்கலாம். ஆனால் அவள் அதை முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். முதலாண்டில், தூத்துக்குடியில் தங்கள் கல்லூரி சிமெண்ட் தரையில், மூன்றடி தள்ளி, அப்போது அணியில் இருந்த ஜாஸ்மின் அக்கா திரும்பிய வேகத்தில் அதே சத்தம். அக்கா உடனே அழக்கூட இல்லை. உட்கார்ந்து முட்டியைப் பார்த்தாள், யாரோ தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோல. இப்போது அக்கா கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அதை நினைக்கக் கூடாது. அடுத்த மாதம் சென்னையில் ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதை நினைக்கலாம். அதையும் நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடியது என்று என்னதான் மிச்சமிருக்கிறது என்று தேடினாள். மின்விசிறி இருந்தது. ஜன்னலில் மலை இருந்தது. வலிக்குப் போட்ட ஊசி தொடையிலிருந்து மெல்ல மேலே ஏறி, தலைக்குள் பஞ்சு அடைப்பதுபோல் அடைத்துக்கொண்டிருந்தது.

“யாருங்க ஜெயிக்கிறது?” என்றது பக்கத்துக் கட்டில்.

திரும்பிப் பார்த்தாள். எதிரணியின் ஒன்பதாம் நம்பர், இந்தக் கல்லூரிப் பெண். மூன்று நாளாக மரியதாஸ் சார் சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டுக் காட்டிய ஒன்பது, அவளை இடது பக்கம் விடாதே, இடது கை வந்தால் நீ செத்தாய் என்று சொல்லிச் சொல்லி வைத்த ஒன்பது. ஒரே பந்துக்கு இருவரும் குதித்தார்கள். டெல்ஃபினுக்குக் காலில் அடி, ஒன்பதுக்குத் தலை தரையில் மோதியது. இந்தக் கல்லூரி டாக்டர் வந்து கண்ணில் லைட் அடித்துப் பார்த்து, பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத் தூங்கவிடாதீர்கள், பேச்சில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். கமலவேணி என்ற நர்ஸம்மா ஐஸ் தீர்ந்துவிட்டது, விடுதி மெஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் இந்தப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரம்மா, தூங்கிவிடாமல் பார்த்துக்கொள் என்று டெல்ஃபினிடம் சொல்லிவிட்டுப் போனாள். எதிரணிக்காரியிடம் போய் எதிரணிக்காரியை ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று அந்தம்மாவுக்குத் தோன்றவே இல்லை. டெல்ஃபினுக்கே சிரிப்பு வந்தது. பெயரென்ன என்று கேட்டாள். சங்கரேஸ்வரி என்றாள் ஒன்பது, வீட்டில் ஈஸ்வரி. வரலாறு படிக்கிறாளாம், கடைசி வருடம். நம்பருக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் ஒரு வீடு, வீட்டில் கூப்பிடுகிற இன்னொரு பெயர். இது ஏனோ டெல்ஃபினுக்குச் சங்கடமாக இருந்தது.

யார் ஜெயிக்கிறார்கள் என்பதைச் சுவரே சொன்னது. கொஞ்ச நேரம் கேட்டால் பிடிபட்டுவிடும். அரங்கு முழுக்க இந்தக் கல்லூரிப் பிள்ளைகள். கூச்சல் எழுந்து கேன்கள் முழங்கினால் அவர்கள் கூடை. பந்து தட்டுகிற சத்தம், ஷூ கிறீச்சிடுகிற சத்தம், அப்புறம் யாரோ கதவைச் சாத்தின மாதிரி சட்டென்று அமைதி விழுந்தால் தூத்துக்குடியின் கூடை. அமைதிதான் எங்களுடையது என்று டெல்ஃபின் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு அமைதி. சந்தோஷமாக இருந்தது. இன்னொரு கூச்சல், மறுபடியும் ஒரு அமைதி. அந்த இரண்டாவது அமைதி பானுவினுடையதாக இருக்குமோ. அவளுக்குப் பதிலாக இறங்கியிருக்கிற பானு, முதலாண்டு, ஷூ லேஸைக்கூட அவிழ்ந்தபடி விட்டுக்கொண்டு ஓடுகிறவள். ஓரத்திலிருந்து எறிந்தாளோ, உள்ளே வெட்டிப் போனாளோ. நன்றாக ஆடட்டும். ரொம்ப நன்றாக ஆடினால்? கோப்பையும் வாங்கிவிட்டு, டெல்ஃபின் இல்லாமலே வாங்கினோமே என்று பஸ்ஸில் ஒருத்தியாவது மனதுக்குள் நினைத்துக்கொண்டு வந்தால்? அடுத்த கூச்சல் எழுந்தபோது தன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு சின்ன நிம்மதி. பார்த்ததும் உடம்பு கூசியது. இது யாருடைய மனசு, என்னுடையதா என்று கேட்டுக்கொண்டாள். பதில் சொல்ல ஊசி விடவில்லை.

“யாருங்க ஜெயிக்கிறது?” என்றாள் ஈஸ்வரி.

நீங்கதான்னு நெனைக்கேன், சத்தத்தைப் பாத்தா அப்படித்தான் தெரியுது என்றாள் டெல்ஃபின். பேச்சுக் கொடுக்க வேண்டும். எதைப் பேசுவது. உங்க ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டாள். நாய் என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே. எங்க ஊர் நாய் வெள்ளையா இருக்கும், மூக்கு மட்டும் ரோஸ் கலர்ல இருக்கும். கண்ணைத் தெற பிள்ள என்றாள் டெல்ஃபின். திறந்தாள். உங்க ஊர்ல என்று கேட்டாள். எங்க ஊரில் கடல் இருக்கு, உப்பு இருக்கு, எங்க அப்பா ஐஸ் கம்பெனியில இருக்காரு என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்த வாக்கியத்துக்குள்ளேயே கால் வழுக்கி இறங்கிவிட்டாள். ஐஸ் கம்பெனியின் ஈரத்தரை. மூக்கைச் சுளிக்க வைக்கிற அம்மோனியா வாடை. பெட்டி பெட்டியாக உறைந்த தண்ணீர், பெட்டியைச் சாய்த்ததும் ஆளுயரப் பாளம் ஒன்று சரிவில் வழுக்கிக்கொண்டு வரும், அப்பா கொக்கியால் அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்புவார், அவ்வளவு பெரிய பாளம் குழந்தை மாதிரி திரும்பும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற லாரியில் அது நொறுங்கி ஏறும். அப்பாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. வேலி ஓரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எத்தனை கூடை போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்னைக்கு ரெண்டு தடவ விழுந்த என்பார். இன்னைக்கு விழவே இல்ல என்பார், தானே ஜெயித்த மாதிரி. அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு. அவர் இன்று வந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது, நல்லவேளை வரவில்லை என்றும் இருந்தது. பாளம் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள்ளே, உறைந்த தண்ணீரின் நடுவில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடிற்று, முனையிலிருந்து முனைக்கு, சத்தத்தோடு. அதே சத்தம். கொக்கியைப் போடாதீங்கப்பா என்று சொல்ல நினைத்தாள். வாய் திறக்கவில்லை. பாளம் ரொம்ப அழகாக, ரொம்ப மெதுவாக, இரண்டாகப் பிரிந்தது.

விழித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. எங்கள் கூடை என்று முதலில் நினைத்தாள். இல்லை, விசில் ஊதியிருக்கிறார்கள், டைம் அவுட்டாக இருக்கும். எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தெரியவில்லை. ஒரு மூச்சுதானோ, ஒரு குவார்ட்டர் முழுக்கவோ. ஜன்னலில் மலை நிறம் மாறியிருந்தது, அதன் மடிப்புகளில் நீலம் இறங்கியிருந்தது. எதையோ மறந்துவிட்டோம் என்கிற உணர்வு மட்டும் இருந்தது, பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்கியவளுக்கு வயிற்றில் முதலில் தெரியுமே, அப்படி.  பக்கத்துக் கட்டிலிலிருந்து பேச்சே இல்லை. தூங்கவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்களே. நர்ஸம்மா இன்னும் வரவில்லையா. ஈஸ்வரி, ஈஸ்வரி பிள்ள என்று கூப்பிட்டாள். அவள் தூங்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்தபடி டெல்ஃபினையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

“நீங்க யாருங்க?” என்றாள் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, “இன்னைக்கு நமக்கு மேட்ச் இருக்குல்ல?” என்றாள்.

முன்பு ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டாளே, அப்போதே அதில் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்திருக்கிறது. டெல்ஃபின் அதைக் கேட்டும் கேட்காதவளாக ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டாள். விளையாட்டுக்காகச் சொல்கிறாளோ என்று பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை, வலிகூட இல்லை, அம்மா விரலை விட்டுவிட்ட குழந்தை கூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு மரியாதையான குழப்பம். அடுத்த நொடி ஈஸ்வரி கட்டிலின் ஓரத்துக்குச் சாய்ந்து வாந்தி எடுத்தாள். டெல்ஃபின் நர்ஸம்மா என்று கத்தினாள். டைம் அவுட் முடிந்து கேன்கள் மறுபடியும் முழங்க ஆரம்பித்திருந்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. போன் பையில் இருந்தது, பை அரங்கில் பெஞ்சுக்கு அடியில். கதவு எட்டடி இருக்கும். அந்த எட்டடியைப் பார்த்தாள். சுளுக்கு என்றால் நடக்கலாம் என்று நினைத்தாள். சுளுக்கில்லை என்றால் நடந்த உடனே தெரிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நேரமும் அவள் அந்தக் காலைத் தொடாமல், அசைக்காமல், தூங்குகிற நாயைத் தாண்டிப் போகிறவள் மாதிரி அதன் பக்கத்தில் படுத்திருந்தாள். எழுந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து இடது காலில் நின்று, வலது காலை ஊன்றினாள். முட்டி கனமே இல்லாமல் பக்கவாட்டில் விலகியது, பொருந்தாத மூடி நழுவுவதுபோல. ஆகட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, நொண்டியடித்துப் போனாள். வெளியே வராந்தாவில் யாரும் இல்லை. எல்லோரும் உள்ளே. வராந்தா நீளமாக, குளிர்ச்சியாக, கனவில் வருகிற பள்ளிக்கூட வராந்தா மாதிரி இருந்தது. போகப் போக முடிவு தள்ளித் தள்ளிப் போயிற்று. கதவின் இரும்புக் கைப்பிடி கைக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், வலியாலா வேறெதாலா என்று பார்க்க நேரமில்லை.

உள்ளே வெளிச்சத்தில் கண் கூசியது. இத்தனை நேரமும் சத்தமாக மட்டுமே இருந்த ஆட்டம் திடீரென்று உடம்பும் நிறமுமாக முன்னால் ஓடியது. மஞ்சள் சட்டைகள் தாங்கள், சிவப்பு அவர்கள். போர்டில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள், கடைசி குவார்ட்டரில் இரண்டு நிமிடம் சொச்சம் இருந்தது. பானு பந்தை ஏந்தி நின்றாள், லேஸ் கட்டியிருந்தாள், முகம் முழுக்க வியர்வை. அதைப் பார்த்ததும் டெல்ஃபினுக்குச் சற்று முன் வந்த அந்தச் சின்ன நிம்மதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது. பெஞ்சிலிருந்து மரியதாஸ் சார் திரும்பினார். அவள் நின்றுகொண்டிருப்பதை மட்டும் பார்த்தார், கதவைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை அவள் ஆயுசுக்கும் மறக்க முடியாது. ஓடி வந்தார்.

“எறங்குறியாம்மா?”

இறங்கலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது முழுசாகச் சாத்தியமாக இருந்தது. ஊசி இருக்கிறது, இரண்டு நிமிடம், ஓரத்தில் நின்று எறிந்தால் போதும், ஓட வேண்டியதுகூட இல்லை.

“டாக்டர் எங்க சார்?” என்றாள். “அந்தப் பிள்ளைக்கு ஆளு தெரியல. வாந்தி எடுக்கா.” சார் திரும்பி டாக்டரைப் பார்த்துக் கை காட்டினார், டாக்டர் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்தார். டெல்ஃபின் சாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “எனக்குச் சுளுக்கில்ல சார். முட்டிக்குள்ள சத்தம் கேட்டுச்சு. ஜாஸ்மின் அக்காவுக்குக் கேட்ட அதே சத்தம். நான் சொல்லல.”

சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இத்தனை நேரம் பயந்திருந்தாள். சொன்ன பிறகு அது ஒரு முட்டியாக மட்டும் இருந்தது. வலிக்கிற, வீங்கின, அவளுடைய வலது முட்டி.  சார் அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கினார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார், பின்னால் கூச்சல் எழுந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லூரி வேனில் இருவரையும் ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐஸ் பெட்டியோடு திரும்பி வந்த கமலவேணி அம்மா அழுது மூக்கைச் சிந்திக்கொண்டே கூட வந்தாள், மெஸ் பூட்டியிருந்ததாம், சாவிக்காரரைத் தேடிக்கொண்டு அலைந்தாளாம். ஈஸ்வரிக்குத் தலையைப் படம் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், ஞாபகம் மெல்ல வந்துவிடும், இனித் தூங்கினாலும் பயமில்லை என்றார்கள். டெல்ஃபினின் முட்டியைப் பார்த்த டாக்டர் இளைஞர். காலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். வந்தது, வரக்கூடாத அளவுக்கு வந்தது. ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மறுபடியும் ஆடலாமா என்று கேட்டாள். அறுவை சிகிச்சை செய்து, பொறுமையாகப் பயிற்சி எடுத்தால் ஆடலாம், நிறையப் பேர் ஆடுகிறார்கள், ஆனால் ஒரு வருடத்தை மறந்துவிட வேண்டும் என்றார். ஒரு வருடம். ரயில்வே தன் பாட்டுக்குப் போய்விட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அது வரவில்லை, வேறொரு நாள் வரலாம் என்று விட்டுவிட்டாள். வேனில் கூடவே ஏற்றியிருந்த பையிலிருந்து போன் அடித்தது, பானு. நாலு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். அக்கா நான் கடைசில ஒண்ண விட்டுட்டேங்க்கா என்று தேம்பினாள். நீ லேஸ் கட்டியிருந்தத பாத்தேன்டி என்றாள் டெல்ஃபின். அப்பா பஸ் ஏறிவிட்டார் என்றார்கள்.

இருவரையும் ஒரே வார்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலில் இப்போது மலை இல்லை, எதிர்க் கட்டடத்தின் விளக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ஈஸ்வரியின் அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டைப் பிள்ளைகள் வந்து, கோப்பையைக் காட்டி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, சத்தம் போடக்கூடாது என்று துரத்தப்பட்டுப் போய்விட்டார்கள். கோப்பையை ஈஸ்வரி யாருடைய குழந்தையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர்கள் போன பிறகு தலையைத் திருப்பினாள்.

“நாங்க ஜெயிச்சிட்டோமாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. காலையில இட்லி சாப்பிட்டதோட நின்னுபோச்சு.” சற்று யோசித்துவிட்டு, “நீ ஆடுனேல்ல? எப்படி இருந்துச்சு?” என்றாள்.

டெல்ஃபின் சொன்னாள். முதல் குவார்ட்டரில் நீ என்னை மூன்று தரம் இடது பக்கமாக ஏமாற்றிவிட்டுப் போனாய், எங்க சார் தலையில் கையை வைத்துக்கொண்டார் என்று சொன்னாள். எதிரிலிருந்து பார்த்தவளுக்குத்தானே அந்த இடது கை எப்படி வருமென்று தெரியும், தோள் வலப்பக்கம் சாயும், கண்ணும் வலப்பக்கம் பார்க்கும், பந்து மட்டும் இடப்பக்கம் போயிருக்கும். ஈஸ்வரி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு யாரோ ஒரு நல்ல ஆட்டக்காரியைப் பற்றிக் கேட்பதுபோல. அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் குவார்ட்டர் வந்தது. போர்டில் பட்டுத் திரும்பிய பந்து வந்தது. அந்த இடத்தில் டெல்ஃபின் நிறுத்திவிட்டாள். அப்புறம் என்றாள் ஈஸ்வரி. அப்புறம் நானும் பாக்கல, சத்தந்தான் கேட்டேன் என்றாள் இவள். பரவால்ல, சொல்லு என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

 டெல்ஃபின் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பந்து யார் கைக்கும் வராமல் வெளியே போயிற்று என்றாள். மூன்றாம் குவார்ட்டரில் ஈஸ்வரியை நடுவிலிருந்து ஓட வைத்தாள், தன்னை அவள் பின்னாலேயே ஓட வைத்தாள், இருவருக்கும் மூச்சு வாங்கியது, ஈஸ்வரி போட்ட கூடைக்குக் கேன்கள் முழங்கின, இவள் போட்டதற்கு அரங்கமே அடங்கிப்போயிற்று. பானுவைக்கூட இறக்கி ஒரு கூடை போடவைத்தாள். ஈஸ்வரி தூங்கிவிட்டாள் என்று அவள் அம்மா சைகை காட்டினாள். டெல்ஃபினால் நிறுத்த முடியவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையும் சொன்னாள், இருவரையும் கடைசி விசில் வரைக்கும் ஓடவிட்டாள். புள்ளியை மட்டும் மாற்றவில்லை. நாலில் தோற்றோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னாள்.